எழுபது வளைவுக்குக் கீழே

டக். அவ்வளவுதான். மறுபடி சாவியைத் திருப்புகிறேன், இப்போது அந்த டக்கும் இல்லை. ஆரனை அமுக்கினால் வெறும் ரப்பரை அமுக்குகிற மாதிரி இருக்கிறது. ஹெட்லைட் இல்லை, வைப்பர் இல்லை, டேஷ்போர்டில் ஒரு முள் அசையவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வரை ஒழுங்காக ஓடி வந்த டெம்போ வண்டி. காரவள்ளியில், முதல் வளைவுக்கு நூறு அடி இந்தப் பக்கம், வேப்பமரத்தடிக் கருப்பனார் கல்லுக்கு முன்னால் நிறுத்தினோம். எஞ்சினை அணைத்தேன், என் வீட்டுக்காரி சாந்தாமணி சூடம் காட்டினாள், எல்லாரும் விபூதி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாயிற்று. எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்போது கருப்பனாருக்குச் சூடம் காட்டக் கூடாது என்று ஒரு வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, பதினேழு வருஷமாக நானும் அணைத்துத்தான் கும்பிடுகிறேன். மணி பத்தரை. பின்னால் இருநூறு பிளாஸ்டிக் சேர், நாலு அண்டா, கரண்டி வாளி வகையறா, சுருட்டிய ஜமுக்காளங்கள். அந்த ஜமுக்காளங்களின் மேல் சமையல்காரர் வையாபுரியும் அவரோடு வேலைக்கு வருகிற நாலு பெண்களும். நாளைக் காலையில் கொல்லிமலை மேலே செம்மேட்டில் ஒரு காதுகுத்து, பாத்திரம் எங்கள் வாடகைக் கடையுடையது, சமையல் வையாபுரியுடையது. மேலே போக எழுபது கொண்டை ஊசி வளைவு. இந்த இடத்தில் வண்டி செத்துக் கிடக்கிறது, எனக்குப் பயமோ எரிச்சலோ வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், அதனால் சொல்லப்போவதில்லை. "ஏனுங்க, என்னாச்சு?" என்று சாந்தாமணி பக்கத்து சீட்டிலிருந்து கேட்கிறாள். "கரண்ட் இல்ல" என்கிறேன். "மறுக்காவா?" என்கிறாள். ஆமாம் சாந்தா, மறுக்கா. அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்கத்தான் இருபத்து மூன்று நாளாகக் காத்திருந்தேன் போலிருக்கிறது.

மறுக்கா என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இருபத்து மூன்று நாளைக்கு முன்னால், மோகனூர் ரோட்டில், மத்தியானம் மூன்று மணி, வண்டி காலி, நான் தனி. முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது, அதன் பின்பக்கம் ஒரு சிவப்புத் துணி கட்டித் தொங்கியது, அதுவரை தெரியும். அதற்கு அடுத்தது ஜன்னலுக்குள் கிளுவை இலை. நடுவில் ஒன்றும் இல்லை. தூக்கம் என்று சொல்ல முடியாது, தூக்கம் எனக்குத் தெரியும், வருவதற்கு முன்னால் கண்ணைச் சொக்கவைத்துச் சொல்லிவிட்டு வரும். இது சொல்லவில்லை. டிராக்டர், சிவப்புத் துணி, கிளுவை இலை. வண்டி ரோட்டை விட்டு இறங்கி யாரோ ஒருவருடைய தோட்டத்துக் கிளுவை வேலியில் மூக்கை நுழைத்து நின்றிருக்கிறது, பம்பர் வளைந்து, இடதுபக்க விளக்கு உடைந்து. தோட்டக்காரர் ஓடி வந்தார். வேலி போன கோபம்கூட அவருக்கு இல்லை. "தூங்கிப்போட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, ஓடிட்டே இருக்கையில கரண்ட் கட்டாயிருச்சுங்க, எல்லாம் ஒரேயடியா அணைஞ்சுபோச்சு" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, தானாக வந்தது. வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடமும் அதையே சொன்னேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆரனும் அடிக்கலீங்களா?" அடித்துப் பார்க்கவில்லை. அதுதான் மண்டையைக் குடைகிறது. ஆரனை விடுங்கள், அந்தச் சிவப்பு விளக்கு. எஞ்சின் நின்று சாவி மட்டும் ஆனில் இருந்தால் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிறிய விளக்கு சிவப்பாக எரியும். அன்றைக்கு அது எரிந்ததா? எரிந்தது என்றால் வண்டியில் கரண்ட் இருந்தது, அணைந்தது நான். எரியவில்லை என்றால் அணைந்தது வண்டி, நான் நன்றாக இருக்கிறேன். இவ்வளவு சின்ன விஷயம். கிளுவை இலை ஞாபகம் இருக்கிறது, அதன் பால் வாசனை ஞாபகம் இருக்கிறது, நான் சாவியை அணைத்த கை ஞாபகம் இருக்கிறது. விளக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறது. எரிந்ததா, எரியவில்லையா.

இறங்கி பானெட்டைத் தூக்குகிறேன். ஏதாவது ஒன்றைத் தூக்கிப் பார்த்தால்தான் பின்னால் இருக்கிறவர்களுக்குத் தைரியம். வையாபுரி எட்டிப் பார்த்து, "அண்ணே, நேரமாகுமா?" என்கிறார். "ஆகலாம்." "அப்ப உக்காந்த நேரத்துக்குச் சின்ன வெங்காயத்த உரிச்சுப்போடறோம்" என்று மூட்டையை இறக்கச் சொல்கிறார். அந்த ஆளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், உலகம் கவிழ்ந்தாலும் உரிக்க வேண்டிய வெங்காயம் அவரிடம் இருக்கும். பெண்கள் வேப்பமர நிழலில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். சூட வாசனையின் மேல் வெங்காய வாசனை ஏறுகிறது. சீட்டுக்கு அடியிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுக்கிறேன். பெயர்தான் பெரியது, ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு வயரின் முனையில் கிளிப், இன்னொன்றின் முனையில் ஊசி, அவ்வளவுதான். கடை வைப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் நாமக்கல்லில் லாரிக்கு லைட் வேலை பார்த்தவன் நான். கிளிப்பை வண்டியின் இரும்பில் எங்காவது மாட்டி, ஊசியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனால், கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று பல்பு சொல்லும். இந்த உலகத்தில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற ஒரே ஆள் இந்த பல்புதான். மனிதர்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால், ஊசியை இங்கே வை, எரிகிறது, இங்கே வை, எரிகிறது, இங்கே இல்லை, அப்படியானால் கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில். டிராக்டருக்கும் கிளுவை இலைக்கும் நடுவில். ஃப்யூஸ் பெட்டியைத் திறக்கிறேன். ஏழு ஃப்யூஸ், ஏழையும் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறேன், ஏழும் முழுசாக இருக்கின்றன. ஏழும் ஒன்றாகப் போகாது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் பார்க்கிறேன். ஒன்றும் மிச்சம் வைக்காமல் பார்க்க வேண்டும். இன்றைக்குக் கிடைக்கிற கோளாறு அன்றைக்கும் இருந்ததாக இருக்க வேண்டும். பழசாக, பல மாதமாக உள்ளுக்குள் ஊறிக்கொண்டிருந்ததாக, ஏதோ ஒரு வயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகியதாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அதை வெட்டி எடுத்து சாந்தாமணியிடம் காட்டி, பார், இதுதான் அன்றைக்கும், என்று சொல்லிவிட்டு எழுபது வளைவையும் சீட்டி அடித்துக்கொண்டு ஏறிவிடுவேன். இருபத்து மூன்று நாளாக மலை வாடகை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. முதுகு வலி என்றேன், டயர் சரியில்லை என்றேன். இந்தக் காதுகுத்துக்குத்தான் வையாபுரி வீட்டுக்கே வந்து உட்கார்ந்து சம்மதம் வாங்கிக்கொண்டு போனார்.

மெயின் ஃப்யூஸும் நன்றாக இருக்கிறது. சாவித் துவாரத்துக்குப் பின்னால் கையை விட்டு வயரை அசைக்கிறேன், ஒன்றுமில்லை. "தண்ணி குடிக்கறீங்களா?" என்று சாந்தாமணி பாட்டிலை நீட்டுகிறாள். குடிக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கிறாளா, வண்டியைப் பார்க்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்தாறு வருஷம் ஆகியும் அவள் பார்வை எங்கே இருக்கிறது என்று சில நேரம் எனக்குத் தெரிவதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தபோது, வாடகை கெட்டுப்போகக் கூடாது என்று லைசென்ஸ் எடுத்து நாலு மாதம் இதே வண்டியை இதே மலைக்கு ஓட்டியவள் அவள். வாரத்தில் இரண்டு தடவை, எழுபது வளைவு ஏறி எழுபது வளைவு இறங்கி. வளைவில் என்னைவிட அவள்தான் நிதானம். இதை நான் வெளியே யாரிடமும் சொல்வதில்லை, கால் சரியானதும் சாவியை வாங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன், அவளும் கேட்கவில்லை. கடையில் போன வாரம் சேர் எண்ணிக்கொண்டிருந்தேன். இது இரண்டாவது, இதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளாமல் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அப்புறம் பார்த்தால் கையில் ஒரு சேரைப் பிடித்தபடி நிற்கிறேன், வாயில் நாற்பத்தொன்று இருக்கிறது, மேஜை மேல் ஆவி பறக்க வைத்த டீயில் ஆடை படிந்திருக்கிறது. ஆடை படிய எவ்வளவு நேரம் ஆகும்? அன்று மாலை ஒரு டீ வாங்கி வைத்து வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷத்துக்கு மேலேயே ஆனது. இதையெல்லாம் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது, ஆனால் கண்டுபிடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் அண்ணன் சென்னியப்பன் தோட்டத்தில் மோட்டார் போடப் போய், ஸ்டார்ட்டரில் கை வைத்தபடியே சரிந்தவர். ஐம்பத்தைந்து வயது. எனக்கு இந்த ஆடியில் ஐம்பத்து நாலு முடிகிறது. மோட்டாரில் ஷாக் அடித்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம், நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெட்டி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், எங்கேயும் கசிவு இல்லை. அப்புறம் டாக்டர் சொன்னார், இதயத்துக்குள்ளேயே ஒரு கரண்ட் ஓடுகிறது, அது நின்றுவிட்டது என்று. அழுதுகொண்டே எனக்கு யோசனை போயிற்று, அப்படியானால் அதற்கு பேட்டரி எங்கே, எர்த்து எங்கே. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? கேட்கவில்லை. இப்போது கேட்கலாம் என்றால் கேட்க பயமாக இருக்கிறது. மருந்துக் கடைக்காரரிடம் மட்டும், "என் மச்சானுக்கு ரெண்டு நிமிஷம் நெனவு தப்பிப் போகுது, எதனாலன்னு தெரியல" என்று கேட்டேன். அவர் மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. "மச்சான டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, அதுவரைக்கும் வண்டிய மட்டும் தொட விடாதீங்க" என்றார். எனக்கு மச்சானே கிடையாது, சாந்தாமணி ஒரே பெண்.

சரி, பேட்டரி. அது பானெட்டுக்குள் இல்லை, டிரைவர் பக்கம் பாடிக்குக் கீழே, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஒட்டி ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. கீழே உட்கார்ந்து மூடியைக் கழற்றுகிறேன். கிளிப்பைச் சேசிஸில் மாட்டி, ஊசியால் பேட்டரியின் பிளஸ்ஸைத் தொடுகிறேன். எரியவில்லை. பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டதா? எட்டு மாதப் பேட்டரி. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வண்டியை ஓட்டிய பேட்டரி இப்படி ஒரேயடியாகச் சாகுமா, செத்த அண்ணனை நினைத்துக்கொள்கிறேன், சாகும். பொறு. கிளிப் பெயிண்ட் மேல் கடித்துக்கொண்டிருக்கிறது, பெயிண்டில் கரண்ட் போகாது. சேசிஸ் முழுக்கப் புதுக் கறுப்பு, முகம் தெரிகிற பளபளப்பு, ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டுவதற்காக அடித்தது. வருஷா வருஷம் எஃப்.சி.க்கு முன்னால் கிழட்டு வண்டியைப் பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆக்கித்தான் கொண்டுபோக வேண்டும், ஆபீசர் குனிந்து பார்த்தால் துரு தெரியக் கூடாது. ஸ்குரூ டிரைவரால் ஓர் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்ததும் அதில் கிளிப்பை மாட்டுகிறேன். மறுபடி பிளஸ்ஸைத் தொடுகிறேன். எரியவில்லை. சும்மா ஓர் ஆசைக்கு, கிளிப்பை எடுத்து பேட்டரியின் மைனஸிலேயே மாட்டி, ஊசியால் பிளஸ்ஸைத் தொடுகிறேன். பல்பு கண் கூசுகிற மாதிரி எரிகிறது. உட்கார்ந்தபடியே அப்படியே இருக்கிறேன். பேட்டரி முழுசாக இருக்கிறது. இங்கே வைத்தால் எரிகிறது, ஒரு முழம் தள்ளி இரும்பில் வைத்தால் எரியவில்லை. எரிகிறது, எரியவில்லை. இதைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று, இந்த மாதிரி ஒரு புதிர், காலையிலிருந்து இருந்த பயமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, இருபது வயசில் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக இருந்த பையன் மாதிரி இருக்கிறது. கரண்ட் போகிறது, திரும்பி வரவில்லை. பிளஸ்ஸிலிருந்து புறப்பட்டு விளக்குக்கும் ஆரனுக்கும் ஸ்டார்ட்டருக்கும் போகிற வழியைத்தான் எல்லாரும் தேடுவோம், நானும் அரை மணி நேரமாக அதைத்தான் தேடினேன், போனது வண்டியின் இரும்பு வழியாக மைனஸுக்குத் திரும்பி வந்து சேர வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். போகிற வழியில் ஒரு குறையும் இல்லை. எர்த்து போய்விட்டது. மைனஸிலிருந்து சேசிஸுக்கு வருகிற ஒரு முழப் பட்டைக் கம்பி, அதன் முனையில் ஒரு போல்ட், அந்த இடம்தான்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்று சாந்தாமணி தலைக்கு மேலே நின்று கேட்கிறாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "மூஞ்சி சொல்லுது" என்கிறாள். "எர்த்து" என்கிறேன். "அப்ப அன்னிக்கும் அதுதானுங்களா?" என்கிறாள். "அதாத்தான் இருக்கும்" என்கிறேன், வாய் காது வரை போகிறது. அதாகத்தான் இருக்க வேண்டும். துருப்பிடித்திருக்கும், பல வருஷத் துரு, பச்சை பூத்துப்போயிருக்கும், அன்றைக்கு மோகனூர் ரோட்டில் ஒரு குலுக்கலில் விட்டுப்போய், அப்புறம் இன்னொரு குலுக்கலில் ஒட்டியிருக்கும். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் எடுத்து போல்ட்டைத் திருகுகிறேன். கையில் துரு வர வேண்டும், வரட்டும், வரட்டும். வெண்ணெய் மாதிரி கழன்று வருகிறது. பட்டைக் கம்பியின் முனையை விலக்கி அடியில் பார்க்கிறேன். துரு இல்லை, பச்சை இல்லை. கறுப்பு. பளபளவென்று, மேடு பள்ளம் இல்லாமல், பிரஷ்ஷின் மயிர் ஓடிய கோடு தெரியாமல், இரண்டு கோட்டு அடித்த கறுப்பு. நடுவில் மிளகு அளவுக்கு ஓர் இடம் மட்டும் கருகியிருக்கிறது, அந்த மிளகின் வழியாகத்தான் இத்தனை நாளும் மொத்த வண்டியின் கரண்டும் திரும்பி வந்துகொண்டிருந்தது, இன்றைக்கு ஸ்டார்ட்டர் இழுத்த இழுப்பில் அதுவும் டக் என்று போயிற்று. அடித்தது யார்? பெயிண்டர்கள் இப்படி அடிக்க மாட்டார்கள், அவர்கள் போல்ட்டு, கம்பி, சேறு எல்லாவற்றின் மேலும் ஒரே வீச்சாக அடித்துவிட்டு பீடி பிடிக்கப் போய்விடுவார்கள், அந்தச் சோம்பேறித்தனத்தில் எர்த்து பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, துடைத்து, அடியில் பெயிண்ட் போட்டு, காயவிட்டு, மறுபடி முடுக்குகிற மகா கெட்டிக்காரன் நான்தான். மூன்று நாள். லைட் வேலை பார்த்தவன், எர்த்துக்கு அடியில் பெயிண்ட் போகக் கூடாது என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். புத்தி எங்கே இருந்தது அந்த மூன்று நாளும்? தெரியும், எங்கே இருந்தது என்று தெரியும். பம்பரை நிமிர்த்தி, விளக்கை மாற்றி, கிளுவை முள் கீறிய கோடுகளை எல்லாம் தேய்த்து, அந்த மத்தியானத்தின் அடையாளம் ஒன்றுகூட வண்டியில் இருக்கக் கூடாது என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் பெயிண்ட் அடித்தது வேலிக்கு அப்புறம். இதைக் கணக்குப் போட வேண்டியதே இல்லை, ஆனாலும் விரலை மடக்குகிறேன். வேலி, இருபத்து மூன்று நாள். எஃப்.சி., பன்னிரண்டு நாள். இந்தக் கோளாறுக்குப் பிறந்த தேதி இருக்கிறது, அதற்கு முன்னால் அது இல்லை. அன்றைக்கு இந்த போல்ட் வெறும் இரும்பின் மேல் நன்றாக உட்கார்ந்திருந்தது. வேறு ஏதாவது இருந்திருக்கலாமே, இன்னொரு கோளாறு, பெயிண்ட் அடிக்கும்போது தற்செயலாகச் சரியாகிப்போன ஒன்று? இருக்கலாம். லாரிக்காரர்கள் என்னிடம் இப்படிக் கதை சொல்லி வந்தால் நான் என்ன சொல்வேன்? ஓடுகிற வண்டிக்கு எஞ்சின் சுற்றுகிற ஆல்டர்னேட்டர் சோறு போடும் அண்ணே, பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும், நீங்க கண்ணசந்துட்டீங்க என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். சொல்லியிருக்கிறேன். கண் எரிகிறது, வெங்காயத்தால். உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கிறேன். கறுப்பு போய்ச் சாம்பல், சாம்பல் போய் வெள்ளி. கம்பி முனையையும் தேய்க்கிறேன். வைத்து, போல்ட்டைப் போட்டு, உடம்பு எடையெல்லாம் கொடுத்து முடுக்குகிறேன். கிளிப்பைச் சேசிஸில் மாட்டி ஊசியால் பிளஸ்ஸைத் தொட்டால் பல்பு கண் கூச எரிகிறது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில். அந்த பல்பின் மேல் எனக்கு இப்போது கோபம் வருகிறது, இது நியாயம் இல்லை என்று தெரிந்தே வருகிறது. எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டி, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்புகிறேன். டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட அந்த விளக்கு எரிகிறது. சிவப்பாக, சின்னதாக. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு கிளுவை இலை. அந்த இலையின் ஓரத்தில் ஒரு சிவப்பு. நான் அதை இலையின் நிறம் என்று நினைத்தேன். முதலில் அப்படித்தான் நினைத்தேன், கிளுவையில் ஏது சிவப்பு என்று ஒரு யோசனை, கண் விழித்த உடனே, தலை வலியோடு, வேலியில் மூக்கை நுழைத்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு வந்த முதல் யோசனையே அதுதான். ஜன்னல் வழியாக உள்ளே வந்து டேஷ்போர்டை மறைத்த இலையை விலக்கினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தக் கையால்தான் சாவியை அணைத்தேன். அணைத்ததால்தான் மறந்துபோக முடிந்தது.

"எரியுதே" என்கிறாள் சாந்தாமணி, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டே. வையாபுரி வெங்காயத்தை மூட்டை கட்டச் சொல்லிவிட்டு வருகிறார். "அண்ணே, கருப்பனாரு கைவிட மாட்டாரு" என்கிறார். பெண்கள் ஒவ்வொருவராகப் பாடியில் ஏறுகிற அசைவு சீட்டுக்கு அடியில் தெரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, வையாபுரியோடு ஐந்து. சாவியை முழுசாகத் திருப்பினால் எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது, சிவப்பு விளக்கு அணைகிறது, ஆரனைத் தட்டினால் ஊரைக் கூட்டுகிறது. வண்டியில் இப்போது ஒரு குறையும் இல்லை. கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டால் போதும். இருபத்து மூன்று நாளில் இரண்டு தடவை, அதுவும் இரண்டிரண்டு நிமிஷம், எழுபது வளைவுக்கு ஒன்றரை மணி நேரம்தானே, இந்த ஒன்றரை மணி நேரத்திலா வரப்போகிறது? வராது. வராமலும் போகலாம். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறக்கிறேன். "எறங்கி என்ன பண்ணப் போறீங்க?" என்கிறாள். "நீ ஓட்டு" என்கிறேன். "ஏன், கை வலிக்குதா?" "இல்ல. அன்னிக்கு வண்டி அணையல சாந்தா. வெளக்கு எரிஞ்சுது. அணைஞ்சது நாந்தான்." எஞ்சின் சத்தத்தில் பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்டிருக்காது. அவள் என் முகத்தைத்தான் பார்க்கிறாள், இந்தத் தடவை சந்தேகம் இல்லை. "ஒருக்காவா?" "ரெண்டு. கடையில ஒருக்கா, சேர் எண்ணும்போது." திட்டுவாள் என்று நிற்கிறேன், அழுதுவிடுவாளோ என்று நிற்கிறேன். அவள் இறங்கி, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய் டிரைவர் சீட்டில் ஏறுகிறாள். அடியில் கையை விட்டு நெம்பி, சீட்டை முன்னால் இழுக்கிறாள். ஐந்து வருஷமாக அசையாத சீட்டு, கிறீச்சென்று வருகிறது. நான் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்கிறேன், இன்னும் சூடாக இருக்கிறது. "நாளைக்கு ஏனம் பாத்திரத்தக் கடையில எறக்குன கையோட நேரா நாமக்கல்லு, டாக்டருகிட்ட" என்கிறாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டே. சரி என்கிறேன். என்ன கேட்பார்கள், எங்கெங்கே வயர் ஒட்டிப் பார்ப்பார்கள், கரண்ட் எங்கே நிற்கிறது என்று அவர்களுடைய பல்பு சொல்லிவிடுமா, பயத்துக்கு அடியில் அந்தப் பழைய ஆசை ஒன்று தலையை நீட்டுகிறது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று. வண்டி நகர்கிறது. முதல் வளைவின் மஞ்சள் பலகை தெரிகிறது, எழுபதில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். "ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கிட்டே வாங்க" என்கிறாள். "பலகைல போட்டிருக்குதே" என்கிறேன். "போட்டிருக்கட்டும். சத்தமா எண்ணுங்க. எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்." ஸ்டியரிங்கை ஒடிக்கிறாள், மலை கண்ணாடியில் குறுக்காகத் திரும்புகிறது. ஒன்று, என்கிறேன். "கேக்கல" என்கிறாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். இன்னும் சத்தமாக, பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஒன்று, என்கிறேன்.